மஞ்சள் பட்டைக்காரி

வரிசையில் நிற்பதற்கென்றே பிறந்த சனம் நாங்கள். மருந்துக் கடையில் சீட்டு எடுத்துக்கொண்டு நிற்போம். சீஸ் வாங்கவும் சீட்டு எடுத்துக்கொண்டு நிற்போம். பேருந்து நிறுத்தத்தில் இரண்டே பேர் இருந்தாலும் நடுவில் ஒரு மாடு படுக்கிற அளவுக்கு இடம் விட்டு வரிசையாகத்தான் நிற்போம். முன்னால் நிற்பவரிடம் பேச மாட்டோம். ஸ்வீடனில் ஒருவன் வரிசைக்குள் புகுந்துவிட்டால் அவனைத் திட்டக்கூட மாட்டோம். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்போம்.

அப்படிப்பட்ட எனக்கே அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை வரிசை கசந்துவிட்டது. குற்றம் வரிசையுடையது இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற தூவாவுடையதும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

தூவா எங்கள் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தனியாகப் பிள்ளை வளர்த்துக் களைத்துப்போகிறவர்களுக்கு எங்கள் நகராட்சியில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறுக்குப் பிள்ளையை இன்னொரு வீட்டில் விடலாம். அந்த இன்னொரு வீடு நாங்கள்: நானும் என் கணவன் போர்யேயும். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான் என்பதால் தூவா எங்களுக்கு வைத்த பெயர் 'சனிக்கிழமை வீடு'. மூன்று வயதில் வந்தபோது மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். நானும் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போது ஆறு வயது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளை இல்லை. ஊட்டியது மட்டும்தான் உண்டு.

அவள் அம்மா யானிக்கெ முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தவள். முகத்தில் எப்போதும் தூக்கம் பாக்கி நிற்கும். இப்போது வடக்கே லூலியோவில் பகல் வேலை கிடைத்துவிட்டது. அங்கே பக்கத்துத் தெருவிலேயே அவள் அக்கா வீடு. இங்கிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். இனிமேல் சனிக்கிழமை வீடு தேவையில்லை. நல்ல செய்தி. பிறருடைய நல்ல செய்திக்கு அழுகிறவளை யாருக்கும் பிடிக்காது என்பதால், எங்கள் குடியிருப்பின் பொதுத் துணி துவைக்கும் அறையில், எனக்கு ஒதுக்கியிருந்த நேரத்துக்குள்ளாகவே அழுது முடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரி கூடையோடு வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, அதுதான் கடைசி சனிக்கிழமை. எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது.

எங்கள் ஊர் கேளிக்கைப் பூங்காவில் மரக்கட்டைப் படகு என்று ஒரு சவாரி இருக்கிறது. குடைந்த மரம் மாதிரி ஒரு படகு, வாய்க்கால் வழியாக மெல்ல மேலே ஏறிப்போகும். உச்சியிலிருந்து ஒரேயடியாகத் தண்ணீரில் வந்து விழும். ஒவ்வொரு கோடையிலும் தூவாவும் நானும் பக்கத்துப் பாலத்தில் நின்று, விழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவளுக்கு ஆசை கண்ணில் வழியும். "போலாமா கண்ணு?" என்றால் என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "அடுத்த கோடையில, நீயும் நானும் சேர்ந்து" என்பாள். சரி என்பேன். போன வருடமும் சொன்னாள், அதற்கு முந்தின வருடமும் சொன்னாள். இனி எங்களுக்கு அடுத்த கோடை கிடையாது. அந்தப் படகில், என் இரண்டு கைகளுக்கு நடுவில் அவள் ஒருமுறை உட்கார வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

பூங்கா வாசலில் மரத்தில் செய்த பெரிய கொம்புமான் ஒன்று நிற்கும். அதன் வயிற்றிலும் கழுத்திலும் கோடுகள். பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்து, கையில் காகிதப் பட்டை ஒட்டுவார்கள். வயிற்றுக் கோட்டைத் தாண்டாதவர்களுக்குச் சிவப்பு, குட்டிப் பிள்ளைகளின் ராட்டினங்கள் மட்டும். வயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் இருந்தால் மஞ்சள், பெரியவர் துணையோடு போகலாம். கழுத்தைத் தாண்டினால் பச்சை. தூவா போன வருடம் மஞ்சள்.

அன்று அளந்த பெண் கோடை விடுமுறை வேலைக்கு வந்த மாணவி. சட்டையில் ஸ்வேயா என்று பெயர் குத்தியிருந்தாள். தூவாவின் தலைமேல் கையை வைத்தவள் "அடேயப்பா!" என்றாள். "பச்சை! நீ பெரியவளாயிட்டே! இனிமே உனக்கு யார் துணையும் வேண்டாம். எல்லாத்துலயும் தனியாவே போகலாம்."

போர்யே கைதட்டினான். பின்னால் நின்ற குடும்பமும் மரியாதைக்குத் தட்டியது. நான் மட்டும் மானின் கழுத்து அத்தனை கீழேயா இருந்தது என்று பார்த்தேன். தூவா சிரிக்கவில்லை. பச்சைப் பட்டையைப் பார்த்தாள், சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். காகிதம் உறுத்துகிறது போல என்று நினைத்தேன்.

"படகுக்குப் போலாம் மாரித்" என்றாள் என்னிடம்.

நான் கேட்பதற்கு முன்னாலேயே அவளே சொன்னாள்! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. போர்யேயின் கையில் பைகளைத் திணித்தேன். அவன் பேருந்து ஓட்டுகிறவன், ஆனால் குடை ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். "ஓட்டுறவனுக்குச் சுத்தாது, உட்கார்றவனுக்குத்தான் சுத்தும்" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு வைத்திருக்கிறான். ஃபிளாஸ்க், இலவங்கப்பட்டை போட்ட பன், மழைக் கோட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

வரிசை வளைந்து வளைந்து போனது. ஒரு வளைவு முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று. தூவா மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, வளைவுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டாள். படகிலிருந்து இறங்கி வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு அழுதுட்டு வர்றாளா, சிரிச்சுட்டு வர்றாளா?"

"ரெண்டும்தான். மூஞ்சியெல்லாம் தண்ணி, தெரியல."

"அவ கூட வர்றது அவ அம்மாவா?"

"இருக்கும்."

"பொண்ணு முன்னாடி உட்கார்ந்தாளா, தனிப் படகா?"

"ஒரே படகுதான் கண்ணு. பார், ரெண்டு பேரும் ஒரே மாதிரி நனைஞ்சிருக்காங்க."

அதைக் கேட்டு யோசித்தாள். இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். மேடைக்கு வந்துவிட்டோம். மூக்கு வெயிலில் உரிந்துபோயிருந்த ஓர் இளைஞன் படகுகளை நிறுத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கள் முறை. "கையைக் காட்டு பார்ப்போம்" என்றான் தூவாவிடம்.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "வேண்டாம்."

"என்ன கண்ணு? பட்டையைத்தான் கேட்கிறாங்க."

"வேண்டாம். நான் வரலை."

பின்னால் வரிசை காத்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதுதான் கொடுமை. மேடை ஓரத்தில் கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவர்களுக்கென்றே ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் வழியாக இறங்கிப் போனோம். கதவில், பயந்தாங்கொள்ளிகளைக் கேலி செய்ய, ஒரு கோழிக்குஞ்சு படம் வரைந்து வைத்திருந்தார்கள். வரைந்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

பாலத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். "பரவாயில்லடா தங்கம், நான்கூட பயந்தாங்கொள்ளிதான்" என்றான் போர்யே.

"நான் பயந்தாங்கொள்ளி இல்ல" என்றாள் தூவா, பன்னில் இருந்த சர்க்கரையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே.

"அப்படிப் போடு!" என்றான் அவன்.

நான் சும்மா இருக்கவில்லை. நான் பல் மருத்துவமனையில் செவிலி. வாயைத் திறக்க மாட்டேன் என்று நாற்காலியின் கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறுகிற பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். கூடவே பிள்ளையின் கையில் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும்: வேண்டாம் என்றால் கையைத் தூக்கு, உடனே நிறுத்திவிடுவோம். இந்த வார்த்தையைக் கேட்டுத் திறக்காத வாயை நான் பார்த்ததில்லை.

பாலத்தில் நின்று அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். இங்கே ஏறுவோம், அங்கே கொஞ்சம் இருட்டு, அங்கே சங்கிலி கடகடவென்று சத்தம் போடும், அது படகைத் தூக்குகிற சத்தம், வேறொன்றும் இல்லை. உச்சியில் வயிறு மேலே வந்துவிட்டது போல இருக்கும். பிறகு தண்ணீர். முடிந்தது. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னாள். பயப்படுகிற பிள்ளை சங்கிலிச் சத்தத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தும். இவள் தாழ்த்தவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுபடி வரிசை. மறுபடி வளைவுகள். அவள் கதை சொன்னாள், பாட்டு முணுமுணுத்தாள், கம்பித் தடுப்பில் தொங்கினாள். ஒரு வளைவில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் கால்மேல் கால் வைத்து நின்றாள். அப்படியே ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே ஆளாக அடியெடுத்து வைத்துப் போனோம். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, எங்கள் ஊர் வழக்கத்தையும் மீறிச் சிரித்தார். அந்த வரிசை முடியாமலே இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

மேடை. மூக்குரிந்தவன். "கையைக் காட்டு."

"வேண்டாம்."

கோழிக்குஞ்சுக் கதவு.

இந்த முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பயமா இருந்தா முதல்லயே சொல்லேன் தூவா! எதுக்கு இவ்வளவு நேரம் நிக்கணும்?"

"நிக்கிறது பிடிச்சிருக்கு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"நிக்கவா டிக்கெட் எடுத்து வந்தோம்?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். போர்யே என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான்.

"ஏன் இப்படிப் பிள்ளையைப் போட்டு வறுத்தெடுக்கிறே? அது வேண்டாங்குது. விடேன்."

"அவளுக்கு ஆசை இருக்கு. உனக்குத் தெரியாது. எத்தனை வருஷமா பாலத்துல நின்னு பார்க்கிறா."

"ஆசை யாருக்கு, அவளுக்கா உனக்கா?"

"எனக்குத்தான்!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. ஐஸ்கிரீம் வண்டிக்காரன் திரும்பினான். "எனக்குத்தான் போர்யே. இனிமே எல்லாச் சனிக்கிழமையும் அவ அறையில கட்டில் காலியா இருக்கும். அவ வடக்கே போய், சிநேகிதி பிடிச்சு, சைக்கிள் கத்துக்கிட்டு, நம்மளை மறந்துடுவா. மறக்கணும்தான், அதுதான் நல்லது. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஒரு தடவை என்கூட உட்காரட்டும். இது பேராசையா?"

போர்யே பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தந்தான். பன்னின் சர்க்கரை ஒட்டியிருந்த கைக்குட்டை. கண்ணைத் துடைத்தேன், எரிந்தது. திரும்பிப் பார்த்தால் தூவா இல்லை.

பெஞ்சில் மிட்டாய்ப் பொட்டலம் மட்டும் இருந்தது. மிட்டாயை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை இல்லை அவள். போர்யே படகுப் பக்கம் ஓடினான். நான் வந்த வழியே ஓடினேன். 'தூவா, தூவா' என்று கத்திக்கொண்டு ஓடுகிறவளுக்கு அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வாசலில் கொம்புமானுக்கு அருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். அங்கேயும் வரிசை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒழுங்காகக் காத்திருந்து, அப்போதுதான் அவள் முறை வந்திருந்தது. ஸ்வேயா குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போய் நின்றேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

"இதை எடுத்துட்டு மஞ்சள் போட முடியுமா?" என்றாள் தூவா.

"பச்சைதானே நல்லது! எல்லாரும் பச்சைதான் கேட்பாங்க."

"எனக்கு மஞ்சள் வேணும்."

"நீ உயரமாயிட்டியே. நான் என்ன செய்ய?"

"இன்னொரு தடவை அளங்க." தூவா மானின் பக்கத்தில் போய் நின்றாள். முட்டியை மடக்கினாள். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். நீளமான பாவாடைக்குள் முட்டி மடங்கியது தெரியாது என்று நினைத்திருப்பாள். "இப்போ பாருங்க. வயித்துக்கும் கழுத்துக்கும் நடுவுலதான் இருக்கேன்."

ஸ்வேயாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "மஞ்சள் எதுக்கு உனக்கு?"

"மஞ்சள்னா மாரித் கூட வரணும். பச்சைன்னா நான் தனியாப் போகணும். நீங்கதானே சொன்னீங்க, இனிமே யார் துணையும் வேண்டாம்னு. அம்மாவும் சொன்னாங்க. நான் பெரியவளாயிட்டேனாம், அதனால இனிமே சனிக்கிழமை வீடு வேண்டாமாம்." முட்டி நடுங்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் நிமிரவில்லை. "கையைக் காட்டுனா பச்சை தெரிஞ்சிடும். தனியா உட்கார வச்சிடுவாங்க. மாரித் பாலத்துல நிப்பா."

நான் எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறக்க வைத்தவள். அன்று என் வாயைத் திறக்க எனக்கு வழி தெரியவில்லை. அத்தனை வளைவிலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றவள், சங்கிலிக்கும் தண்ணீருக்கும் பயந்தவள் இல்லை. கையில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயந்திருக்கிறாள். அதை ஒட்டும்போது பக்கத்தில் நான்தான் நின்றேன்.

'பச்சையாக இருந்தாலும் நான் உன்கூட வரலாம், தனியாகத்தான் போக வேண்டும் என்று விதியே இல்லை' என்று சொல்லியிருக்கலாம். படகைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அவள் படகைப் பற்றி மட்டும் பேசவில்லையே. மற்றதற்கு நான் என்ன உறுதி கொடுக்க முடியும்? வியாழக்கிழமை அவளும் அம்மாவும் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். பிள்ளைகளிடம் வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

"தூவா" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மானின் கழுத்தைத் தாண்டி நின்றாள்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். "எனக்குத் தனியாப் போக பயம்."

என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"நீ பெரியவளாச்சே."

"ஆமா. இருந்தாலும் பயம்."

"எதுக்கு? தண்ணிக்கா?"

"தண்ணிக்கு இல்ல. பக்கத்துல யாரும் இல்லாம உட்கார்றதுக்கு."

அவள் அதை ஒரு மிட்டாயைப் போல வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஸ்வேயாவின் பக்கம் திரும்பினாள். குரலே மாறிவிட்டது. "அப்போ இவளுக்கு மஞ்சள் போடுங்க."

"இவங்களுக்கா?"

"இவ தனியாப் போகக் கூடாது. துணை வேணும். நான் பச்சை, நான் கூட்டிட்டுப் போறேன்."

கோடை வேலைக்கு வந்த பெண்களைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. அன்று மாற்றிக்கொண்டேன். ஸ்வேயா சிரிக்கவில்லை. என்னை மானின் பக்கத்தில் நிற்கச் சொன்னாள், ஏற இறங்கப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "கொஞ்சம் கஷ்டம்தான். மஞ்சள்தான்" என்று சொல்லி என் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி ஒட்டினாள். "துணை இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது, சரியா?" வரிசையில் அடுத்து நின்ற சின்னப் பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

மூன்றாம் முறை அதே வரிசை. தூவா சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். என் கையைப் பிடித்து முன்னால் நடந்தாள். வழியெல்லாம் எனக்குப் பாடம். "இங்க ஏறுவோம். அங்க கொஞ்சம் இருட்டு. கடகடன்னு சத்தம் வரும், அது சங்கிலி, ஒண்ணும் செய்யாது. வேண்டாம்னா கையைத் தூக்கு மாரித்."

"தூக்கினா படகு நிக்குமா?"

கொஞ்சம் யோசித்தாள். "நிக்காது. ஆனா நான் பார்த்துப்பேன்."

என் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் இவ்வளவு நேர்மையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூக்குரிந்தவன் எங்களை அடையாளம் கண்டுகொண்டான். "வாங்க வாங்க, மறுபடியுமா? கையைக் காட்டு."

பச்சையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். பிறகு என் கையையும் தூக்கிக் காட்டினாள். "இவ மஞ்சள். என்கூட வர்றா."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, துணை முன்னாடி உட்காரணும்" என்றான்.

அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். என் கைகள் அவளைச் சுற்றி இருந்தன. கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது கிடைத்த பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. இன்னும் இன்னும் என்றது. படகு ஏறியது. சங்கிலி கடகடத்தது. அவளுடைய முடியில் காலையில் நான் பின்னிவிட்ட சடை, அதில் மிட்டாய் ஒட்டியிருந்தது. உச்சியில் ஒரு நொடி எல்லாம் நின்றது. கீழே பாலத்தில் போர்யே எல்லாப் பைகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, விழப்போவது தான்தான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

நான் கையைத் தூக்கினேன்.

தூவா தலையைப் பின்னால் சாய்த்து, தலைகீழாக என்னைப் பார்த்தாள். "கொஞ்சம்தான் மாரித். முடிஞ்சிடும்" என்றாள்.

முடிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே மாதிரி நனைந்திருந்தோம். அழுதுகொண்டு வருகிறேனா சிரித்துக்கொண்டு வருகிறேனா என்று வரிசையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யானிக்கெ வந்தாள். முகத்தில் தூக்கம் தெளிந்திருந்தது, அழகாக இருந்தாள். அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை; இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். காரின் பின்னிருக்கையில் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகள். தூவாவின் தலையணை, மழை பூட்ஸ், இங்கே விட்டுவைத்திருந்த பொம்மை நாய் எல்லாவற்றையும் போர்யே வீட்டிலிருந்து கொண்டுபோய்க் காரில் வைத்தான். அதிகம் இல்லை. இரண்டு தடவையில் முடிந்துவிட்டது.

"படகுல போனியா?" என்று கேட்டாள் யானிக்கெ.

"போனேன். மாரித்தைக் கூட்டிட்டுப் போனேன். மாரித் மஞ்சள், அவளால தனியாப் போக முடியாது."

யானிக்கெ சிரித்தபடி என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டில் பட்டை இன்னும் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

தூவா காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டாள். கதவை மூடப்போனபோது கையால் தடுத்தாள். அவள் முகத்தில் கவலை.

"இனிமே மாரித்தோட யார் போவா?"

அவள் போர்யேயைப் பார்த்தாள். "நீ போவியா?"

"எனக்குத் தலை சுத்துமே தங்கம்."

அது அவளுக்கே தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னை என்ன செய்வது என்று யோசித்தாள். வழி கிடைத்துவிட்டது போல, முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்போ நீ வரிசையிலயே நின்னுட்டு இரு மாரித். நான் வந்ததும் சேர்ந்து போலாம்."

சரி, நிற்கிறேன் என்றேன்.